இருப்பு உள்ளவரை

அக்டோபர் 2, வியாழன்

இன்று கடை அரை நாள். தெருவில் ஒவ்வொருத்தியாக வந்து கூப்பனைப் பற்றி என்னிடம்தான் கேட்கிறார்கள். பத்து வீட்டில் ஒன்றையே சொல்லி வாய் வலிக்கிறது. நோட்டில் எழுதி வைத்துவிட்டால் வேண்டியவர்கள் வாங்கிப் படித்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தால் நேற்று நடந்த சண்டைதான் முதலில் வருகிறது.

நிறைகுடம் சூப்பர் மார்க்கெட்டில் நான் பில் போட ஆரம்பித்து ஆறு வருடம். நேற்று ஆயுத பூஜைக் கூட்டம். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ கூப்பனுக்கு சூரியகாந்தி எண்ணெயில் கடைசி ஜோடிதான் மிச்சம். இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள். ஒருத்தி மற்றவளின் கொண்டையைப் பிடித்து முகத்தை என் மேஜை விளிம்பில் மோதினாள். ஒரே மோதல். முன்பல் ஒன்று பில் மெஷின் பக்கத்தில் வந்து விழுந்தது. துணியால் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் பில் போட்டேன். அடி வாங்கியவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனபோதும் கூப்பனைக் கீழே போடவில்லை.

சரி, கூப்பன். சோப்புத்தூள் பாக்கெட்டுக்குள்ளும் டீத்தூள் டப்பாவிலும் வருவது கம்பெனி கூப்பன். தள்ளுபடியைக் கம்பெனி கடைக்குக் கொடுத்துவிடும், கடைக்காரருக்கு நஷ்டம் கிடையாது. அதனால் எந்தக் கடையிலும் தைரியமாக நீட்டலாம். கடை தானே அச்சடித்துக் கொடுப்பது கடைக் கூப்பன். அதில் குறைத்ததை வேறு எதிலாவது ஏற்றியிருப்பார்கள். அந்த வாரம் துவரம்பருப்பு விலையைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே பொருளுக்குக் கம்பெனிக் கூப்பன் ஒன்று, கடைக் கூப்பன் ஒன்று என்று சேர்த்துக் கொடுத்தால் இரண்டையும் கழிக்க வேண்டும். இது பாதிப் பேருக்குத் தெரியாது. மோசமானது பில்லின் பின்பக்கம் அச்சடித்து வருவது. ஆயிரத்துக்கு வாங்கினால் ஐம்பது குறைவு என்று இருக்கும். அறுநூறுக்கு வாங்குகிறவள் ஐம்பதுக்கு ஆசைப்பட்டு வேண்டாத நானூறுக்கு வாங்குவாள்.

ஆவுடை வந்து படித்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்து வீடு. தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்குகிற வேலை. வீட்டுக்காரர் மூக்கையா லோடுமேன், மகள் அனுசியா காலேஜில் முதல் வருடம். “வடிவக்கா, கடைக்காரங்கிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு அவங்க குட்டையே ஒடைக்கீங்களே” என்றாள்.

“நீ வெளிய சொல்லாத பிள்ள.”

அக்டோபர் 5, ஞாயிறு

பஜாருக்கு அந்தப் பக்கம் பழைய கல்யாண மண்டபத்தை வாங்கி முதலாளி இரண்டாவது கடை திறக்கிறார். வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. பேப்பரில் வைத்து அனுப்பும் கூப்பனின் பிரூஃப் வந்தது. கடையில் தமிழ் பிழையில்லாமல் எழுதுகிறவள் நான் என்பதால் என்னிடம்தான் கொடுப்பார்கள். ‘பாமாயில்’ என்பதைத் தப்பாக அடித்திருந்தார்கள், திருத்தினேன். மற்றபடி பிழை இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் லோடு இறக்குகிறவர், மூக்கையா இல்லை, வேறு ஆள், ஒரு எண்ணெய் டின்னைத் தவறவிட்டார். முதலாளி மகன் பிரதாப் செருப்பைக் கழற்றி அவர் கன்னத்தில் அடித்தான். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். குனிந்து எண்ணெயை வழித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் பில் போட்டுக்கொண்டிருந்தோம்.

அக்டோபர் 8, புதன்

கூப்பன் ஊர் முழுக்கப் போய்விட்டது. எட்டாயிரம் அடித்தார்களாம். தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு ஐந்து கிலோ அரிசி, ஒரு லிட்டர் பாமாயில், ஒரு கிலோ சீனி. வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

“இது எந்த ரகம்க்கா?” என்று ஆவுடை கேட்டாள்.

“திறப்புவிழாக் கூப்பன். கடைக்கு முழு நஷ்டம். கூட்டம் காட்டுறதுக்காகக் குடுக்கான். வருசத்துல ஒண்ணுதான் இப்பிடி வரும், விட்டுராத.”

என் பங்குக்குக் கடையில் கொடுத்த நான்கையும் அவளிடமே கொடுத்தேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு மாத அரிசி ஆகும்.

“எல்லாருக்கும் கெடைக்குமா?”

“வெள்ளென போயி முன்னால நில்லு.”

அக்டோபர் 11, சனி

புதுக் கடையில் சாமான் அடுக்கினோம். கூப்பனுக்குக் கொடுக்கிற அரிசி, எண்ணெய்ப் பைகள் வந்து இறங்கின. எத்தனை என்று எண்ணுவது என் வேலை இல்லை. நானூறு இருக்கும்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆவுடை செத்துப்போனாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

நேற்று எரித்துவிட்டு வந்தார்கள். எழுதாமல் இருந்தால் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் பின்வாசல் வழியாக உள்ளே போனபோதே ரோடு அடைத்துவிட்டது. அந்தக் கட்டடத்துக்கு முன்னால் ஏழு படி. படி முழுக்கப் பெண்கள். தீப்பெட்டி ஆபீஸ், ஸ்பின்னிங் மில், சித்தாள் வேலை, எல்லோரும் விடிவதற்குள் வந்து உட்கார்ந்தவர்கள். பின்னாலிருந்து தள்ளுகிற தள்ளில் முன்னால் இருப்பவர்கள் ஷட்டரில் மோதி மோதி, தகரம் ‘தடும், தடும்’ என்று அடித்துக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்கு பிரதாப் பட்டனை அமுக்கி ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கினான். ஒவ்வொருவராகக் குனிந்து வரட்டும் என்றான். ஒவ்வொருவராக யார் வருவார்கள்? முதல் வரிசை மொத்தமாக உள்ளே விழுந்தது. விழுந்தவர்கள் முதுகில் மிதித்து அடுத்த வரிசை. ஒரு பெண்ணின் காதுத் தோட்டைப் பிடித்து இன்னொருத்தி இழுத்ததில் காது கிழிந்து தொங்கியது. கண்ணாடிக் கதவு நொறுங்கியது. அந்தக் கண்ணாடி மேலேயே வெறுங்காலோடு ஓடினார்கள். கூப்பன் பைகளைப் பல்லால் கிழித்தார்கள். தரையில் அரிசி கொட்டி, அதில் வழுக்கி விழுந்தார்கள்.

“எறக்கு, எறக்கு!” என்று பிரதாப் கத்தினான். ஷட்டர் இறங்கியது. ஒரு முழ இடைவெளியில் நின்றுவிட்டது, அடியில் ஆட்கள் இருந்ததால். அந்த இடைவெளி முழுக்கக் கைகள். ஒவ்வொரு கையிலும் கூப்பன். வாட்ச்மேன் கம்பை எடுத்து அந்தக் கைகளை அடித்தார். விரல் மூட்டு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு கையை இழுத்துக்கொண்டால் அந்த இடத்தில் வேறு கை வந்தது.

ஒரு கையை எனக்குத் தெரியும். தீக்குச்சி மருந்து ஏறிக் கருஞ்சிவப்பாகிப்போன விரல்கள். “வடிவக்கா” என்று சத்தம் வந்தது. நான் ஓடிப் போய்ப் பிடித்தேன். தரையோடு தலையை வைத்துப் பார்த்தால் ஆவுடையின் முகம் பக்கவாட்டில் அழுந்தி இருந்தது. அவள் மேல் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

“மூச்சு முட்டுதுக்கா. தூக்கச் சொல்லுங்க.”

தூக்கச் சொன்னேன். கையைப் பிடித்து இழுத்தேன். அப்புறம் கை நழுவிவிட்டது.

ஷட்டரைத் தூக்கியபோது மணி ஒன்பது இருபது. படியில் மூன்று பேர் எழுந்திருக்கவில்லை. ஆவுடை, ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண், எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். பெரியவரின் மார்புக்கூடு உள்வாங்கிக் கிடந்தது. ஆவுடையின் முகத்தில் காயமே இல்லை. உதடு மட்டும் நீலம்.

அக்டோபர் 16, வியாழன்

முதலாளி கதிரேசன் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் மகனைப்போல் கிடையாது, எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். மேஜை மேல் ஒரு கூப்பனை வைத்தார்.

“இதான் நாம அடிச்ச கூப்பன். நல்லாப் பாத்துக்கிடுங்க வடிவு.”

அடியில் பெரிய எழுத்தில் இருந்தது: முதல் 400 பேருக்கு மட்டும். இருப்பு உள்ளவரை.

“போலீஸ்ல கேப்பாக. இந்த வரி இருந்துச்சுன்னு சொல்லுங்க. போதும். தெரிஞ்சுதான் வந்தாக, தெரிஞ்சுதான் முண்டுனாக. நம்ம என்ன செய்ய முடியும்?”

கூப்பனைப் புரட்டிப் பார்த்தேன்.

“பிரூஃப் பாத்தது நீங்கதான? கையெழுத்து ஒங்களோடதுதான?” என்றார். இதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

ஸ்டேஷனில் கேட்டபோது, அத்தனை எழுத்துக்கு நடுவில் ஒரு வரி இருந்ததா இல்லையா என்று எனக்கு நினைவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதிக்கொண்டார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

புதிதாக ஒரு கூப்பன் ரகம் வந்திருக்கிறது. கூப்பனை வாங்கிக்கொண்டு பை கொடுக்கிறது. திறப்புவிழாக் கூப்பன் கையில் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுவந்து கொடுத்தால் அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்ட பை இலவசம். துக்கத்தில் பங்குகொள்கிறோம் என்று நோட்டீஸ் அடித்து, தெருவுக்கு ஒரு நாள் என்று பிரித்திருக்கிறார்கள். இந்த முறை தள்ளுமுள்ளு இல்லை.

வாங்குவதற்கு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். வருகிற கூப்பனை இரண்டாகக் கிழித்துச் சாக்கில் போட வேண்டும். சாக்கு நிறைந்ததும் பின்னால் கொண்டுபோய்க் கொளுத்துகிறார்கள். விரல் மூன்றில் கட்டுப்போட்ட ஒரு பெண் வந்து, “புண்ணியவான், செத்தவங்களுக்காகக் குடுக்காரு” என்று சொல்லி, இடது கையால் பையை வாங்கிக்கொண்டு போனாள்.

ஆயிரத்து இருநூறு கிழித்தேன்.

அக்டோபர் 18, சனி

மூக்கையா வந்தார். குடிக்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

“வடிவு, எனக்குப் படிக்கத் தெரியாது. மொத நானூறு பேருக்குத்தான்னு அதுல எழுதியிருந்துச்சுன்னு சொல்லுதாவ. அது தெரிஞ்சும் போயி முண்டுனது எம் பொண்டாட்டி தப்புங்காவ. இருந்துச்சா?”

“ஞாபகம் இல்ல அண்ணே.”

“நீதான குடுத்த?”

“குடுத்தேன். வாசிச்சுப் பாக்கல.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு திரும்பி எங்கள் வீட்டுச் சுவரில் நெற்றியை மோதினார். ஒருமுறை, இரண்டுமுறை. என் வீட்டுக்காரர் ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தார். இருவருமாகக் கீழே விழுந்தார்கள். மூக்கையாவின் புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அனுசியா வந்து அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாள். “மன்னிச்சுக்கோங்க பெரியம்மா” என்று என்னிடம் சொன்னாள்.

சுவரைக் கழுவினேன். சுண்ணாம்பில் கறை பிடித்துவிட்டது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்கள் தெருவில் யாரும் வெடி போடவில்லை. இட்லி மட்டும் அவித்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

இன்று பகல் பதினொரு மணிக்கு மூக்கையா அரிவாளோடு கடைக்குள் வந்தார்.

லுங்கிக்குள் வைத்திருந்திருக்கிறார். யாரையும் பார்க்கவில்லை, நேராக பிரதாப்பிடம் போனார். முதல் வெட்டு பிரதாப்பின் இடது தோளில் இறங்கியது. எலும்பில் மாட்டிக்கொண்ட அரிவாளை உருவுவதற்குக் காலை அவன் இடுப்பில் வைத்து இழுத்தார். இரண்டாவது வெட்டுக்கு ஓங்குவதற்குள் கடை ஆட்கள் பின்னாலிருந்து இரும்புத் தள்ளுவண்டியால் முட்டினார்கள். கீழே விழுந்தவரை ஐந்து பேர் சேர்ந்து அடித்தார்கள். ஒருவன் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி முகத்தில் போட்டான். எடுத்தான், மறுபடியும் போட்டான். பை கிழிந்து, அரிசி சிவப்பாகிறவரை போட்டான். என் மேஜைக்கு நாலடி தள்ளி. செருப்படி வாங்கிய லோடுமேன் மட்டும்தான் குறுக்கே விழுந்து தடுத்தார்.

பிரதாப் பிழைத்துக்கொள்வான் என்கிறார்கள். மூக்கையாவின் தாடை இரண்டு துண்டு. ஆஸ்பத்திரியிலேயே போலீஸ் காவல். கொலை முயற்சி வழக்கு.

இங்கே ஒன்றை எழுத வேண்டும். எனக்கு நினைவில்லை என்று சொன்னது பொய்.

பிரூஃபில் அந்த வரி இருந்தது. ‘முதல் 400 பேருக்கு மட்டும். இருப்பு உள்ளவரை.’ சின்ன எழுத்தில், அடியில். பிரதாப் என் பின்னால் வந்து நின்று அதன் மேல் விரலை வைத்தான்.

“இத எடுத்துருங்கக்கா.”

“நானூறு பைதான வருது? ஆயிரக்கணக்குல வந்து நின்னா என்ன செய்ய?”

“நிக்கட்டும். போட்டோவுல கூட்டம் வேணும்லா.”

சிவப்புப் பேனா என் கையில் இருந்தது. நான்தான் அடித்தேன். ஓரத்தில் ‘நீக்கவும்’ என்று நல்ல எழுத்தில் எழுதினேன். அந்த மாதம் எனக்குச் சூப்பர்வைசர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கூப்பனில் முதலில் படிக்க வேண்டியது அடியில் இருக்கும் சின்ன எழுத்தைத்தான் என்று தெருவுக்கே சொல்லிக் கொடுத்தவள் நான்.

அக்டோபர் 27, திங்கள்

இடது கையில் கட்டு. வலது கையால் எழுத முடிகிறது.

இன்று எங்கள் தெருவின் முறை, இதுதான் கடைசித் தெரு. வரிசையில் கடைசி ஆளாக அனுசியா நின்றாள். ஆஸ்பத்திரியில் ஆவுடையின் சுருக்குப்பையைக் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து நான்கு கூப்பனை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் கொடுத்த நான்கு. மடித்த இடத்தில் கறை.

“வீட்டுல அரிசி இல்ல பெரியம்மா. நாலுக்கும் சேத்து ஒரு பைதானா, நாலு பை குடுப்பாங்களா?”

நான் சுற்றிலும் பார்த்தேன். தோளில் கட்டோடு பிரதாப் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான்.

“இதக் குடுக்காத” என்றேன்.

“என்ன?”

“இத யார்ட்டயும் குடுக்காத. ஊர்ல இது மாதிரி வேற மிச்சம் இல்ல. எல்லாத்தையும் நான் கிழிச்சுட்டேன். எடுத்துக்கிட்டு ஓடு பிள்ள.”

அவளுக்கு முழுதாகப் புரிந்ததா தெரியவில்லை. ஆனால் கூப்பனை எடுத்துவிட்டாள். பிரதாப் எழுந்து வந்தான். “என்னக்கா, எதுக்குத் திருப்பிக் குடுக்கீங்க?” என்று மேஜையைச் சுற்றி வந்தவனை நான் மறித்துச் சட்டையைப் பிடித்தேன். நல்ல கையால் என் கன்னத்தில் அறைந்தான். நான் பிடித்த பிடியை விடவில்லை. என் இடது கை திறந்திருந்த கல்லா டிராயருக்குள் ஊன்றியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு முழங்காலால் டிராயரை அடித்து மூடினான். இழுத்தான். மறுபடியும் மூடினான். மூன்றாவது தடவை நான் போட்ட சத்தத்தில் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அதற்குள் அனுசியா ரோட்டைத் தாண்டியிருந்தாள்.

நடுவிரலும் மோதிர விரலும் முறிந்திருக்கின்றன. ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். முதன்முறையாக, நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

அக்டோபர் 29, புதன்

நேற்று என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சுடலைமணி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆரம்பத்திலிருந்தே, “நமக்கு எதுக்கு? பேசாம இரு” என்றுதான் சொல்லிவந்தார். இன்று மதியம் ஸ்டாண்டில் வைத்து ஆறு பேர் ஆட்டோவைக் குப்புறக் கவிழ்த்துக் கம்பியால் அடித்து நொறுக்கியிருக்கிறார்கள். தடுக்கப் போனவரின் வலது கையை ரோட்டோரக் கல்லில் வைத்து மிதித்திருக்கிறார்கள். முழங்கைக்குக் கீழே எலும்பு வெளியே வந்துவிட்டது. “ஒம் பொண்டாட்டிய வாய மூடச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். யார் அனுப்பியது என்று அவர்கள் சொல்லவில்லை.

மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருக்கிறது. எனக்கு இடது கை இல்லை, அவருக்கு வலது கை இல்லை. நான் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன்.

“சொல்லிரு வடிவு” என்றார்.

“எத?”

“என்னத்த மறைக்கியோ அத. என்கிட்ட வேண்டாம். அங்க போயிச் சொல்லு. எலும்ப ஒடச்சாச்சு, வண்டிய ஒடச்சாச்சு. இனிமே அவனுக ஒடைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?”

நவம்பர் 5, புதன்

மூன்று சாவைப் பற்றிக் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணை. பத்தரை மணிக்குக் கூப்பிட்டார்கள். கதிரேசனும் பிரதாப்பும் வக்கீலோடு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் செத்தவர்களின் வீட்டார். அனுசியா சுவரோரம் நின்றாள். அவள் கொண்டுவந்த நான்கு கூப்பன் மேஜை மேல் இருந்தது. பக்கத்தில் கடைக்காரர் கொடுத்த கூப்பன். ஒன்றில் வரி இருக்கிறது, ஒன்றில் இல்லை.

எது உண்மையானது என்று ஆர்.டி.ஓ. அம்மா கேட்டார்கள்.

“வரி இல்லாததுதாம்மா. இருந்த வரிய எடுக்கச் சொன்னது சின்ன மொதலாளி. அடிச்சது நான்.”

கதிரேசனின் வக்கீல் எழுந்தார். வேலையை விட்டு நீக்கியதால் பழிவாங்குகிறேன் என்றார். அந்த அம்மா அவரை உட்காரச் சொன்னார்கள்.

“நானூறு பைதான் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். பிரூஃப்லயே இருந்துச்சு.”

“தெரிஞ்சுமா எடுத்தீங்க?”

“ஆமா.”

“வேற ஏதாவது சொல்லணுமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் அதற்குத்தான் திறந்தது. அனுசியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆவுடையோட கையப் பிடிச்சு இழுத்தது நான். தலையும் ஒரு தோளும் உள்ள வந்துருச்சு. இன்னும் ரெண்டு பேர் பிடிச்சிருந்தா வந்திருப்பா. ‘கைய விடுங்க, ஒருத்தி நொழஞ்சா அத்தன பேரும் நொழைவாளுக, ஒங்களுக்கு வேல வேணுமா வேண்டாமா’ன்னு சின்ன மொதலாளி கத்துனாரு. நான் விட்டேன். அவ விடல. என் விரல இறுக்கிப் பிடிச்சிருந்தா. ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சு எடுத்தேன்.”

டைப் அடிக்கிறவர் நிறுத்திவிட்டார். பிறகு அந்த அம்மா அவரைப் பார்த்துத் தலையசைத்தார்கள். மறுபடியும் அடிக்க ஆரம்பித்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் அனுசியா என்னைப் பிடித்தாள். இரண்டு கையாலும் அடித்தாள். முகத்தில், கழுத்தில், நெஞ்சில். முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி முதுகில் மிதித்தாள். கட்டுப்போட்ட கை அடியில் மாட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் எழுந்தார், நான் வேண்டாம் என்று சைகை காட்டினேன். யாரோ வந்து அவளை விலக்கினார்கள். திமிறிக்கொண்டு வந்து மறுபடியும் அடித்தாள். கை ஓய்ந்ததும் என் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயால் மூச்சு வாங்கினாள்.

“கோர்ட்டுலயும் இதயே சொல்லணும்” என்றாள். “மாத்திச் சொன்ன, நானே கொன்னுருவேன்.”

“சொல்லுதேன்.”

“எங்கப்பா உள்ள கெடக்காரு. ‘ஞாபகம் இல்ல’ன்னு நீ சொன்னதாலதான் அருவாளத் தூக்குனாரு. அதையும் சொல்லணும்.”

“அதையும் சொல்லுதேன்.”

நவம்பர் 9, ஞாயிறு

ரசம், அப்பளம். நல்ல மழை. இன்றைக்கு யாரும் கதவைத் தட்டவில்லை.

நவம்பர் 12, புதன்

கதிரேசனையும் பிரதாப்பையும் நேற்றுப் பிடித்துவிட்டார்கள். வழக்கில் மூன்றாவது பெயர் என்னுடையது. இன்று காலை பத்து மணிக்கு வந்து அழைத்துப் போவதாக ஸ்டேஷனிலிருந்து பெண் போலீஸ் ஒருவர் போன் செய்தார். ஜாமீன் கிடைக்கும், ஆனால் நாலைந்து நாள் ஆகலாம் என்று வக்கீல் சொல்கிறார். மாற்றுச் சேலை இரண்டு எடுத்து வைத்தேன். சுடலைமணிக்கு ஒரு கையால் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தடவை சரியாக வந்தது.

எட்டரை மணிக்கு அனுசியா வந்தாள். அன்றைக்குப் பிறகு இப்போதுதான். உள்ளே வரவில்லை, வாசல்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நேற்று ஜெயிலில் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தாளாம். தாடையில் கம்பி வைத்துக் கட்டியிருப்பதால் பேச முடியவில்லையாம். கஞ்சியைக் குழாய் வைத்து உறிஞ்சுகிறாராம். வரும் திங்களிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் அம்மா இடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், போகப் போகிறேன் என்றாள்.

“படிப்ப விடாத பிள்ள” என்றேன்.

“ஒன் புத்தி எனக்கு வேண்டாம்.”

டீ போட்டுப் பக்கத்தில் வைத்தேன். எடுக்கவில்லை, ஆடை படிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து போகவும் இல்லை. தெருவில் போகிறவர்கள் ஆவுடையின் மகள் என் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒருத்தி நின்று, “இங்க எதுக்குட்டி இருக்க?” என்று கேட்டாள். அவள் தெருமுனையையே பார்த்தாள்.

மணி பத்து ஐந்து. தெருமுனையில் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்கிறது. அவள்தான் முதலில் எழுந்தாள். என் துணிப்பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடக்கிறாள்.